பவுனு பேசிய நான்கு பக்கம்

போன வாரம் வெள்ளிமலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் மடியில், காக்கித் தாளில் அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டு இருந்தது. மைதாப் பசை இன்னும் காயவில்லை. அந்த வாசனையில் கச்சிராயபாளையத்தில் இறங்க மறந்துபோனேன். கண்டக்டர் திட்டினார். வாயைத் திறக்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன். நான் எப்போதும் அப்படித்தான்.

மைதாப் பசை என்றால் எனக்கு நான் வேலை பார்த்த பெண்கள் கல்லூரிதான். மலையிலிருந்து இறங்கி வந்து, மனையியல் துறையில் கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். குடும்பம் நடத்துவது எப்படி, பிள்ளை வளர்ப்பது எப்படி என்று அங்கே மூன்று வருஷம் படிப்பார்கள். அத்தனை பேரும் கல்யாணம் ஆகாத பெண்கள். எனக்குக் குடும்பமும் இருந்தது, பிள்ளையும் இருந்தது. படிப்புதான் அஞ்சாவதோடு சரி. இருபத்திரண்டு வயதில் எல்லோரும் என்னை ஆயா என்று கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. முதல் நாள், பின்னால் எந்தக் கிழவி நிற்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

துறையிலேயே ஒரு பாலர் பள்ளி உண்டு. பத்து மணிக்குப் பால் பவுடர் கரைக்கும் வாசனை வரும். ஒரு மாணவிக்கு ஒரு குழந்தை என்று பிரித்துக் கொடுப்பார்கள். வலை அடித்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்தக் குழந்தை செய்வதையும் பேசுவதையும் அப்படியே எழுத வேண்டும். குழந்தையோடு பேசக்கூடாது என்பது சட்டம். மூன்று வயதான என் மகள் பவுனுவையும் அங்கே சேர்த்துக்கொண்டார்கள். அவளைப் பார்த்து எழுதியவள் ஷமீமா, திருக்கோவிலூர் ஜவுளிக்கடைக்காரர் மகள்.

ஒரு மாதம் எழுதினாள். தினமும் கடைசி வரி ஒன்றுதான்: குழந்தை பேசவில்லை.

"பேசாத குழந்தைய வெச்சிக்கினு இன்னாம்மா எழுதுவ? இன்னும் ஒரு வாரம் பாரு. இல்லன்னா வேற குழந்தைய சேத்துக்கலாம்" என்று டீச்சர் அவளிடம் சொன்னபோது, நான் அதே அறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பவுனுவை நிறுத்திவிட்டால் பகலில் அவளை விட்டு வைக்க இடமில்லை. வேலையை விட்டுவிட்டு மலைக்கே ஏற வேண்டியதுதான். வீட்டில் அவள் வாய் ஓயாதவள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தேன்.

சாயங்காலம் குழாயடியில் ஷமீமா வந்து நின்றாள். "யக்கா, பவுனு வூட்ல பேசுமா?"

தரையைப் பார்த்துத் தலையாட்டினேன்.

"இன்னா பேசும்?"

"எல்லாம்."

"நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் கீறீங்க" என்று சிரித்துவிட்டு, கல்லூரிக்குப் பின்னால் இருந்த எங்கள் ஒற்றை அறைக்குக் கூடவே வந்துவிட்டாள். அவள் கையில் நோட்டைப் பார்த்ததும் பவுனு கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். ஷமீமா நோட்டைப் பைக்குள் வைத்தாள். மலையிலிருந்து வந்த சாமை முறத்தில் இருந்தது. அதை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தாள். ஜவுளிக்கடைப் பெண், முறம் பிடித்து அறியாதவள். உமி முறத்திலேயே நின்றது. சாமை தரைக்குப் போனது.

பவுனு எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்?

"ஐயே! கொட்டிக்கினே கீற. குடு இங்க! எங்கம்மா பாத்தா ஒதைக்கும்!"

அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. கோழி, கரடி, மலையில் இருக்கும் மாமன், டீச்சரின் மூக்குக் கண்ணாடி, எல்லாம் வந்தது. ஷமீமா நடுநடுவே, "அப்பறம்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் நோட்டில் நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "படிச்சுப் பாருக்கா. தப்பா இருந்தா சொல்லு." எழுத்துக்குக் கீழே விரல் வைத்துப் படித்தேன். நான் சொல்லி ஒருவர் திருத்துவதா? கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்: "கருப்புக் கோழி இல்லம்மா. பொட்டுக் கோழி." உடனே அடித்துவிட்டு மாற்றி எழுதினாள்.

குழந்தையோடு பேசியதற்காக அவளுக்கு மார்க் குறைந்தது. "கம்மியானா ஆவட்டும். இவ இங்கியே கீறாள்ல" என்றாள். பவுனு அங்கேயே இருந்தாள். நானும் இருந்தேன், தலை நரைக்கும் வரை.

பிறகு அந்தப் படிப்பில் சேர ஆள் வரவில்லை. எல்லோரும் கம்ப்யூட்டருக்குப் போனார்கள். துறையை மூடினார்கள். வலை ஜன்னலைப் பெயர்த்துச் சுவர் வைத்தார்கள். பழைய ரெக்கார்டு நோட்டுகளைக் கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர்காரர் வண்டிக்குச் சுமந்தவள் நான்தான். ஒரு கட்டை அவிழ்த்து ஒரே ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கல்லூரி மேனேஜரிடம் கேட்டிருக்கலாம். அவர் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார்.

பவுனு இப்போது எப்போதாவது கேட்கிறாள்: "அன்னிக்கி நான் இன்னாதாம்மா பேசனேன்?"

பொட்டுக் கோழியைச் சொல்கிறேன். கரடியைச் சொல்கிறேன். "அப்பறம்?" என்கிறாள். நான்கு பக்கத்தில் முக்கால் பக்கம்கூட எனக்கு நினைவில்லை.