இரண்டு பைகளுக்கு ஒரு பட்டை

உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. விட்டு விட்டு அல்ல. மூச்சே விடாமல் ஒரே கூவல்.

தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அவளுடைய கால் அப்படியே நின்றது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியனுப்பியது நெஞ்சில் இடித்தது: "விட்டு விட்டு அடிச்சா பேட்டரி தீரப்போகுது, பதறாதீங்க. நிக்காம அடிச்சா பம்ப் நின்னுபோச்சு. ஓடுங்கம்மா!"

பாதி தைத்த ரவிக்கை காலில் சுற்றிக்கொள்ள, ஓடினாள்.

கட்டிலோரம் அவள் கணவர் சரிந்து கிடந்தார். வயிற்றைத் துளைத்து வெளியே வரும் ஒயர், இடுப்பில் கட்டிய சின்னப் பெட்டி, அதிலிருந்து பிரியும் இரண்டு ஒயர்கள். ஒன்று வலப்பக்கப் பேட்டரிக்கு, ஒன்று இடப்பக்கத்துக்கு. இப்போது இரண்டும் அநாதையாகத் தொங்கின.

"ஐயோ! ரெண்டையுமா ஒண்ணா கழட்டினீங்க?"

ஒரே தடவையில் ஊசியில் நூல் கோக்கிறவள், ஒரு ஒயரைப் பேட்டரியில் செருகப் பார்த்தாள். இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை பொருந்தியது. கூவல் நின்றது. அவர் கண் திறக்கவில்லை.

அவள் அலறியதைக் கேட்டு மாடிவீட்டுக்காரன் நாலு படி ஒரு படியாக இறங்கி வந்தான். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். வந்ததும் மணிக்கட்டைப் பிடித்தான். கழுத்தைத் தொட்டான். முகம் வெளிறியது.

"அக்கா... நாடி இல்லக்கா."

இரண்டு உள்ளங்கைகளையும் அவருடைய நெஞ்சில் ஊன்றினான். அவள் அவனைப் பிடித்துத் தள்ளிய வேகத்தில் அவன் சுவரில் மோதினான்.

"அமுக்காதே! உள்ள பம்ப் இருக்கு!"

"நாடியே இல்லங்கறேன், விடுக்கா!"

"அவருக்கு மூணு மாசமா நாடி கிடையாதுடா!"

துடித்துத் துடித்து ஓய்ந்த இதயத்துக்கு முட்டுக்கொடுக்க டாக்டர்கள் வைத்த பம்ப் அது. துடிக்காது, ரத்தத்தை ஆறு மாதிரி இடைவிடாமல் தள்ளும். அவள் கணவருடைய நெஞ்சில் காதை அழுத்தினாள். 'ம்ம்ம்ம்' என்று மெல்லிய இரைச்சல். ஓடுகிறது! ஆனால் மனிதர் எழுந்திருக்கவில்லையே! தெய்வமே, மோட்டாரை மட்டும் ஓடவிட்டு ஆளைக் கொண்டுபோய்விட்டாயா?

தெருவே அவரை 'மோட்டார்' என்றுதான் கூப்பிடும். இருபத்தெட்டு வருஷம் தண்ணீர் மோட்டார் ரிப்பேர். ஓடும் மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆபரேஷனுக்கு முன்னால்கூட, "வாரன்டி எத்தனை வருஷம் டாக்டர்? காயில் போச்சுன்னா நானே சுத்திக்கறேன்" என்று சிரிக்கவைத்தவர். வீடு திரும்பியபின் அந்தச் சிரிப்பு செத்துப்போனது. போன வாரம் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "ஒயர்ல தொங்குற பொழப்பு. போய்ச் சேர்ந்திருக்கலாம்."

அந்த வார்த்தை இப்போது அவள் காதில் மறுபடி ஒலித்தது.

இமைகள் அசைந்தன. "தண்ணி..." என்றார்.

அவள் அவர் காலடியில் உட்கார்ந்து கதறிவிட்டாள். மாடிவீட்டுக்காரன்தான் தண்ணீர் கொடுத்தான், இரண்டாவது ஒயரையும் அவள் சொல்லச் சொல்லச் செருகினான், ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். உடனே கூட்டிவரச் சொன்னார்கள்.

"மாமா, மறைக்காம சொல்லுங்க. வேணும்னே கழட்டினீங்களா?" என்று அவன் கேட்டான்.

அவர் கூரையைப் பார்த்தார். "பேட்டரி மாத்தத்தான்டா உக்காந்தேன். கை பழக்கம். லைனை முழுசா கட் பண்ணாம நான் எந்த மோட்டாரையும் தொட்டதில்ல."

உண்மைதான். கல்யாணத்துக்கு முன்னால், கூட வேலை செய்தவன் ஒரு லைனை மட்டும் அணைத்துவிட்டு மோட்டார்க் குழிக்குள் கை வைத்தான். அவர் கண்ணெதிரிலேயே கருகினான். அன்றிலிருந்து இரண்டையும் பிடுங்கிவிட்டுத்தான் வேலை. ஆனால், "ஒண்ணு மாட்டின பிறகு ஒண்ணு" என்று நர்ஸ் ஐம்பது தடவை சொன்னாளே! இவரும் தலையாட்டினாரே!

"என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க," என்றாள். "போகணும்னு இருந்தா சொல்லிடுங்க. ஒவ்வொரு தடவை மெஷினை மிதிக்கும்போதும் உள்ள என்ன சத்தம்னு காதைத் தீட்டிக்கிட்டு என்னால உயிர் வாழ முடியாது."

அவர், அவள் தைத்துக் கொடுத்த மேல்சட்டையின் இரண்டு பேட்டரிப் பைகளையும் விரலால் தடவினார். வலது மூடியிலிருந்து இடது மூடிவரை நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"இங்கேருந்து இங்க ஒரு பட்டை வரணும். ஒரே பட்டன். ஒரு பை திறந்தா இன்னொண்ணு தானா இறுகணும். ரெண்டையும் சேத்துத் திறக்கவே கூடாது, நான் நினைச்சாலும்."

"நீங்க... நினைச்சாலுமா?"

"நினைச்சாலும்தான்டி." இப்போது அவளைப் பார்த்தார். கண்ணோரம் நனைந்திருந்தது. "இருட்டிக்கிட்டு வந்தப்போ உன் மிதி நின்ன சத்தம் கேட்டுச்சு. நீ வந்துடுவேன்னு நினைச்சேன். சீக்கிரம் வாடின்னு கத்தினேன். வாய்தான் வரல. வண்டி வர்றதுக்குள்ள தைச்சுடுவியா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அளவுநாடாவை எடுத்தாள்.

"பத்து நிமிஷம் தர்றேன்க்கா. வண்டியை வாசலுக்கே கொண்டு வர்றேன்." மாடிவீட்டுக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். அவனுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.