கைதட்டல் விழுந்த ஒப்பாரி

வேப்பனப்பள்ளியில் எங்கள் தெருவிலிருந்து முதலில் பி.ஏ. தேறியவன் நான். 1956இல் கிருஷ்ணகிரிப் பள்ளி ஒன்றில் வாத்தியார் வேலையும் கிடைத்தது. அந்தத் தலைக்கனத்தில் முனிலட்சுமிக்கு நான் செய்ததை எழுதவேண்டும்.

முனிலட்சுமி என் அம்மாவோடு மாந்தோப்புக் கூலிக்குப் போகிறவள். சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். தமிழ் வீட்டில் தமிழில் அழுவாள், தெலுங்கு வீட்டில் தெலுங்கில். போனதும் பாடிவிடமாட்டாள். பிணத்தின் காலடியில் உட்கார்ந்து, "கடைசியா என்ன சாப்ட்டாரு? யாரத் தேடினாரு?" என்று விசாரிப்பாள். இல்லாத பெருமையைச் சேர்க்கமாட்டாள். ஒரு பண்ணைக்காரர் வீட்டில் 'தர்மப்பிரபு என்று பாடு' என்றார்களாம். "மாட்ட அடிக்காம வளத்தாரு. அதப் பாடறேன்" என்றாளாம்.

பள்ளி ஆண்டுவிழாவில் அவளை மேடையேற்ற நினைத்தேன்.

"செத்தது யாருப்பா?"

"யாரும் சாகல சின்னம்மா. சும்மா பாடணும்."

"சும்மா அழுவாங்களா? பி.ஏ.வுல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

சாவு இல்லாமல் ஒப்பாரி எடுப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. தெரிந்தும் நான் விடவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்தாள்.

"திம்மராயனுக்குப் பாடறேன்."

திம்மராயன் அவளுடைய ஒரே மகன். இரண்டு வருஷம் முன்பு தென்பெண்ணை வெள்ளத்தில் போனான். உடல் கிடைக்கவில்லை. ஊருக்கெல்லாம் அழுதவள் அவனுக்கு அழவில்லை.

"அத்தன பேரு உக்காந்து கேட்டா, அவனுக்கும் ஒரு சாவு வீடு ஆன மாதிரி" என்றாள்.

இதை நான் சபையில் சொல்லியிருக்கவேண்டும். ஒப்பாரி என்றால் தலைமை தாங்க வந்தவர் முகம் சுளிப்பாரோ என்று பயந்து, "அடுத்து நாட்டுப்பாடல்" என்று மட்டும் அறிவித்தேன்.

மைக்கைத் தாழ்த்தச் சொல்லி, மேடைத் தரையில் உட்கார்ந்தாள்.

"தண்ணியோட போனவனே,
தாகம் வந்தா யாரக் கேப்ப?"

மார்பில் அடித்துக்கொண்டபோது முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முடித்ததும் ஒரே கைதட்டல். பின்னாலிருந்து 'ஒன்ஸ்மோர்' என்று குரல்கள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

அடுத்த தை மாதம் என் அம்மா மாதம்மாள் இறந்தாள். முனிலட்சுமி வந்து காலடியில் உட்கார்ந்தாள். கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்று கேட்கவில்லை. கூடியிருந்தவர்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாடு சின்னம்மா" என்றேன்.

"வாய் தெறந்தா அந்தக் கைச்சத்தம் கேக்குதுப்பா."

அம்மாவின் பாதத்தைப் பிடித்தபடியே இருந்தாள். பாடையைத் தூக்கும்போது அந்தக் கையை நான்தான் விலக்கவேண்டியிருந்தது.