மிச்சப் படத்த டோச் லைட்டுல காட்டுன கதை

தியேட்டர்ல டிக்கட் கிழிக்கிறவனுக்குப் படம் சும்மா கெடைக்குதுன்னு பதுளையில பாதிப் பேருக்கு என் மேல பொறாமை. வர்ற குப்பைய எல்லாம் கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டே பாக்கணும்னு சொல்லிப் பாருங்க, ஒருத்தனும் இந்த வேலைக்கு வரமாட்டான். உங்களுக்குப் பிடிக்கலன்னா எந்திரிச்சுப் போயிரலாம். நீங்க எந்திரிச்சுப் போறதுக்குக் கதவத் தொறந்து விடுறவனே நான் தான், நான் எங்க போறது? நான் ஸ்கூல்ல படிச்சது ஆறாம் ஆண்டு வரைக்கும், அதுக்கு மேல படிச்சதெல்லாம் திரையில ஓடுற பேரு தான். காசு குடுத்து நொந்தவங்க நீங்க, சம்பளம் வாங்கி நொந்தவன் நான். அதனால நம்மெல்லாம் ஒரே கட்சி. என் வயித்தெரிச்சல உங்ககிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்றது?

வேன் வந்தா தான் வேலை

எங்க தியேட்டர்ல வாரம் பூரா சிங்களப் படமும் இங்கிலீசுப் படமும் ஓடும். ஞாயித்துக்கெழமை மத்தியானம் மட்டும் தமிழ்ப் படம். அந்த ஒரு காட்சிக்கு டோச் அடிச்சு சீட் காட்டுறதுக்கும், சண்ட போடுறவங்கள வெலக்குறதுக்கும் தான் மொதலாளி என்னைய வச்சிருக்காரு. மொதலாளிக்கு டவுன்ல ஹாட்வெயார் கடை. படம்னா அவருக்கு ஆகவே ஆகாது, தியேட்டர் அவரப் பெத்த வாப்பா விட்டுட்டுப் போனதுங்கிறதால வச்சிருக்காரு. ஸ்பிரிங்வெளி தேயிலத் தோட்டத்துலருந்து ஒரு வேன் நெறைய பொம்பளைங்க வர்ற வரைக்கும் தான் ஞாயிறு தமிழ்ப் படம், வேன் நின்னா படமும் நிக்கும், நீயும் வேற வேல தேடிக்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு.

அந்த வேனுக்குத் தலைவி பூமணி அக்கா. தோட்டத்து மாதர் சங்கத்துக்கும் அவங்க தான் தலைவி. சனிக்கெழமை சாயங்காலம் எனக்குப் போன் அடிச்சு, தம்பி படம் எப்புடின்னு கேப்பாங்க. நான் நாளைக்கு வர்ற படத்த எங்க பாத்தேன்? போஸ்டரப் பாத்து எனக்குத் தோணுறத சொல்லுவேன். ஒருநா அக்கா தெளிவா சொல்லிட்டாங்க: "வாரம் பூரா மலையில காலு கடுக்க நிக்கிறோம் தம்பி. ஞாயித்துக்கெழமை ஒக்காந்த எடத்துலயும் வலிச்சா, வேன அப்புடியே பேராதனைக்குத் திருப்பி பூந்தோட்டம் பாக்கப் போயிருவோம்."

இருட்டுப் படம்

அதுக்கு அடுத்த வாரமே ஒண்ணு வந்துச்சு பாருங்க. படம் தொடங்கி அரமணி நேரமாச்சு, திரையில ஒரு மனுசன் மூஞ்சி தெரியல. சுரங்கத்துல சண்ட, மழையில சண்ட, சவப்பெட்டிக்குள்ள சண்ட. யாரு யார அடிக்கிறான்னு அடி வாங்குறவனுக்காவது தெரிஞ்சிச்சோ என்னமோ. தமிழ்நாட்டுல அவ்வளவு கோடி செலவழிச்சுப் படம் எடுக்குறவங்களுக்கு ஒரு பல்ப் வாங்கத் தோணலையான்னு எனக்கு அப்புடி ஒரு ஆத்திரம். பொம்பளைங்க தியேட்டர்ல தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுட்டாங்க. ஏய் டோச்சு, அந்த டோச்ச திரையில அடி, ஹீரோ எங்க நிக்கிறான்னு பாப்போம்னு முன் வரிசையிலருந்து ஒரே கூப்பாடு.

நான் மேல மெசின் ரூமுக்கு ஓடுனேன். எங்க ஒப்பரேட்டர் பண்டா அய்யா சிங்களவரு, தம்பிங்கிறதுக்கு மல்லிம்பாரு. தமிழ் அரைகொறையா வரும், ஆனா மெசினத் தப்பு சொன்னா ரோசம் முழுசா வரும். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே என்னைய ஒரு பார்வை பாத்தாரு: "மல்லி, மெசின் நல்லம். படம் தான் கரண்ட் இல்லாத வீட்டுல எடுத்திருக்கு."

பஞ்சு

எங்களுக்கு வேன்ல வராத ஒரு வாடிக்கையும் இருக்காரு. யாழ்ப்பாணத்துப் பக்கம் பொறந்து, இங்க ரொம்ப வருசமா கணக்குச் சொல்லிக் குடுக்குற மாஸ்டர். ஓரச் சீட்டுல தனியா ஒக்காருவாரு. பேசமாட்டாரு, சிரிக்கமாட்டாரு, ஆனா ஒரு ஞாயிறும் தவறமாட்டாரு.

இருட்டுப் படத்துக்குப் பொறகு வந்தது சத்தப் படம். ஹீரோவுக்கு வயசு என்னைய விட எங்க அப்பாவுக்குக் கிட்ட. ஆனா படத்துல காலேஜ் பையன். அவன் கார்லருந்து ஒரு காலக் கீழ வைக்கிறதுக்கே கால்மணி நேரம். கால் தரையில பட்டா இடி, கண்ணாடியப் போட்டா இடி, திரும்பிப் பாத்தா இடி. அவன் தண்ணி குடிக்கிறதுக்கும் அந்தச் சத்தத்தப் போட்டானுங்க. ஒருத்தன் தண்ணி குடிச்சா தியேட்டர் கூரத் தகரம் ஆடணுமாங்க? பூமணி அக்காவோட ஆளுங்கள்ல பாதிப்பேரு முந்தானைய காதுல சுத்திக்கிட்டாங்க, மீதிப்பேரு வெளிய வந்து வடை தின்னாங்க. வேன்ல ஏறும்போது அக்கா டிரைவர்கிட்ட பேராதனைக்கு எத்தன மைலுன்னு கேட்டாங்க. அது தான் எனக்கு பயமா போச்சு.

மாஸ்டர் மட்டும் கடைசி வரைக்கும் இருந்து பாத்துட்டு, வெளிய வந்து ரெண்டு காதுலருந்தும் பஞ்ச எடுத்து மடிச்சு பையில வச்சுக்கிட்டாரு: "பஞ்சு வைச்சாப் பிறகுதான் தம்பி கதை விளங்கினது. கதை இல்லை எண்டு விளங்கினது."

அட்டை கடிக்காத மலை

மூணாவதா வந்த போஸ்டர்ல தேயிலை மலை இருந்துச்சு. கதாநாயகி முதுகுல கூடை. எனக்கு உசுரு வந்துருச்சு. அக்காவுக்கு நானே போன் போட்டு, இது நம்ம கதை, ஒரு ஆள விடாம கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேன். ரெண்டு வேன்ல வந்தாங்க. மொதலாளி கூட கடைய விட்டு வந்து வாசல்ல நின்னு சிரிச்சாரு.

அந்தப் புள்ள மலைக்கு வருதுங்க, தலையில மல்லிகப்பூ, காலுல கொலுசு. கொட்டுற மழை. இடுப்புல படங்குச் சாக்கு கட்டல, தலையில ஒரு ரப்பர் சீட் போடல. வெள்ளச் சேலையில ஆடிக்கிட்டே பறிக்கிறா. அவ பறிச்சது கொழுந்தே இல்ல, ஏதோ வேலியில கெடந்த எல. கங்காணி திட்டுறதுக்குப் பதிலா பின்னால நின்னு தாளம் போடுறான். சரி, அதையும் பொறுத்துக்கிட்டாங்க. மழைக்காலத்துல காலுல சவுக்காரமும் உப்பும் தேச்சுக்கிட்டுப் போயும், சாயங்காலம் வந்து அட்டையப் பிச்சுப் பிச்சுப் போடுறவங்க அவங்க. அந்தப் புள்ள செருப்பு இல்லாம பாட்டு முடியிற வரைக்கும் மலையில உருண்டு பொரளுறா, ஒரு சொட்டு ரத்தம் இல்ல. மொதல்ல சிரிப்பா தான் இருந்துச்சு. பொறகு அந்தச் சிரிப்பு நின்னுருச்சு.

இடைவேளையில பூமணி அக்கா நேரா என்கிட்ட வந்து நின்னாங்க: "நம்ம கதைன்னு சொல்லித்தானே தம்பி கூப்புட்ட? அட்டைக்குக் கூட ஆளு பாத்துக் கடிக்கத் தெரியுதா அந்த ஊர்ல? இன்னும் ஒரே ஒரு வாரம் வர்றோம். அதோட சரி."

பாதிப் படம்

அந்த ஒரே ஒரு வாரத்துக்கு வந்தது தான் அந்தப் படம். நல்லா இருந்துச்சுங்க, அது தான் கொடுமை. ஹீரோவோட ஆத்தா ஆஸ்பத்திரியில கெடக்குறா. மருந்து இவன் சட்டைப் பையில இருக்கு. வழியில வில்லன் புடிச்சுப் பாலத்துல தலைகீழா கட்டித் தொங்க விட்டுட்டான். வளையல் விக்கிற கதாநாயகி மொதப் பாட்டோட பஸ் ஏறிப் போனவ, திரும்பி வரவே இல்ல. வில்லன் கயித்த அறுக்குறான். மாஸ்டர் கூட பஞ்ச எடுத்துட்டாரு. பட்டுன்னு திரை கறுப்பாச்சு. ரெண்டாம் பாகம் விரைவில்னு போட்டான். லைட் வந்துருச்சு.

ஒருத்தரும் எந்திரிக்கல. தியேட்டர்காரன் தான் மிச்சத்த ஒளிச்சு வச்சிருக்கான்னு அவங்க முடிவு கட்டிட்டாங்க. தோட்டத்துல காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்களத்துல ஞாயம் கேட்டு ஒக்காருற மாதிரியே திரைக்கு முன்னால வந்து சப்பணங்கொட்டி ஒக்காந்துட்டாங்க. அக்கா மட்டும் நின்னு பேசுனாங்க, மத்தவங்க வாயத் தொறக்கல. அது தான் அவங்க மொற. பண்டா அய்யா மெசின் ரூமுலருந்து ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுனாரு. கடையிலருந்து ஓடி வந்த மொதலாளி, டிக்கட் காசத் திருப்பித் தர்றேன் எந்திரிங்கன்னாரு. யாருக்கு வேணும் காசு? ஓரச் சீட்டுல மாஸ்டர் கையக் கட்டிக்கிட்டு, முடிவு தெரியாம தானும் போகேலாதுன்னுட்டாரு.

கொழுந்து நிறை கொறைஞ்சா தோட்டத்துல அன்னைக்குப் பாதிச் சம்பளம், அத அரைப் பேருன்னு சொல்லுவாங்க. அக்கா அதத் தான் மொதலாளிகிட்ட கேட்டாங்க: "எங்களுக்கு நிறை கொறைஞ்சா அரைப் பேரு போடுறாங்க. அரைப் படம் எடுத்தவனுக்கு மட்டும் எப்புடிங்க முழுப் பேரு? கதைய முடிச்சு விடுங்க, எந்திரிக்கிறோம்."

டோச்சுக்காரன் சொன்ன ரெண்டாம் பாகம்

மொதலாளி என் சட்டையப் புடிச்சு முன்னால தள்ளுனாரு. வாய் ஓயாம பேசுவியே, இப்பப் பேசுன்னு காதுல சொன்னாரு. எனக்கு மட்டும் மிச்சக் கதை தெரியுமா என்ன? பண்டா அய்யா லைட்ட அணைச்சுட்டாரு. கையில டோச்சு, பின்னால வெள்ளத் திரை. வர்றது வரட்டும்னு ஆரம்பிச்சேன்.

கயிறு அறுந்து ஹீரோ ஆத்துல விழுந்தான்னேன். நீந்தி வந்து வில்லன வெட்ட அருவாள எடுத்தான்னேன். ஒடனே கீழருந்து சண்ட அப்பறம், மருந்து நனைஞ்சிருச்சான்னு கேள்வி. நனையல, பொலித்தீன் பையில இருந்துச்சுன்னேன். அப்ப அத மொதல்ல கொண்டு போய்க் குடுன்னாங்க. ஹீரோவுக்குக் கால் ஒடஞ்சிருக்கேன்னு இழுத்தேன். அப்ப அந்த வளையல்காரப் புள்ள எங்கன்னு மாஸ்டர் ஓரத்துலருந்து கேட்டாரு. நல்ல நேரம், அவள அதே பாலத்து வழியா பஸ்ஸுல திரும்பி வர வச்சேன். மருந்த வாங்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வச்சேன். ஆத்தா கண்ணத் தொறந்தப்ப எனக்கு முன்னால தரையில மூக்கு உறிஞ்சுற சத்தம்.

வில்லன என்ன செய்யிறதுன்னு கேட்டேன். வெட்டவா, சுடவான்னு கேட்டேன். வெட்டுறதும் வேணாம், சுடுறதும் வேணாம்னு பொம்பளைங்க எல்லாரும் சேர்ந்து தீர்ப்பு சொன்னாங்க, அக்கா அத எடுத்துச் சொன்னாங்க: "அவன எங்க மலைக்கு அனுப்பு தம்பி. மழைக்காலம் பூரா செருப்பில்லாம கொழுந்து பறிக்கட்டும். நம்மூரு அட்டை ஆளு பாக்காது."

அசல் ரெண்டாம் பாகம்

அடுத்த வாரமும் வேன் வந்துச்சு. அதுக்கடுத்த வாரமும் வந்துச்சு. படம் சரியில்லன்னா முடிவ நீ சொல்லு தம்பின்னு டோச்சோட என்னைய முன்னால நிறுத்திருவாங்க. மொதலாளி என்னைய இப்ப வெரட்டுறதப் பத்திப் பேசுறதில்ல, பெரிய டோச்சா ஒண்ணு கடையிலருந்து எடுத்துக் குடுத்திருக்காரு. கடைசியா போன மாசம் அந்தப் படத்தோட அசல் ரெண்டாம் பாகமும் வந்து சேந்துச்சு. இவ்வளவு நாளும் பொய்க் கதை சொன்னியான்னு கேட்டுட்டாங்கன்னா?

படம் தொடங்குன ஒடனே செவத்துல ஆத்தா போட்டோ, அதுக்கு மால. கெழவி எப்ப செத்தா, எப்புடிச் செத்தா, ஒரு வார்த்த இல்ல. வளையல்காரியா வேற ஒரு நடிகை வந்தா, அவளுக்கும் ஒரு பாட்டு தான். மிச்சம் பூரா வெட்டு. பாலத்துல தொங்குனவன் எப்புடித் தப்பிச்சான்னு கடைசி வரைக்கும் சொல்லல. அந்த மருந்து என்னாச்சுன்னும் சொல்லல. ஒரு ஆத்தா சாவுறதக் கூட காட்ட நேரமில்லாத அளவுக்கு இவனுங்களுக்கு அப்புடி என்ன அவசர வேலை?

வெளிய வந்த பூமணி அக்காவோட கண்ணு செவந்திருந்துச்சு, அது அழுக இல்ல, கோவம். நான் கதவுக்குப் பின்னால ஒதுங்கப் பாத்தேன், கையப் புடிச்சு நிறுத்திட்டாங்க: "என்ன தம்பி அநியாயம் இது? நம்ம அன்னைக்கே அந்த ஆத்தாளுக்கு மருந்து குடுத்துப் பொழைக்க வச்சாச்சே. இவனுங்க யாரக் கேட்டு சாகடிச்சானுங்க?"

கோடி கோடியா கொட்டி அவனுங்க கொன்னு போடுறாங்க, வேன் நிக்காம வரணுமேன்னு ஒத்த டோச்ச வச்சுக்கிட்டு ஞாயித்துக்கெழமை தோறும் நான் பொழைக்க வச்சுக்கிட்டு நிக்கிறேன்.