மூன்று உள்ளங்கைத் தண்ணீரும் ஒரு பக்கற் உமியும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டு கரண்டி இசப்புக்கோல் உமிக்கு இரண்டு பெரிய கிளாஸ் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பக்கற்றிலேயே எழுதியிருக்க, மூன்று உள்ளங்கைத் தண்ணீரோடு அதை விழுங்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த மடையன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. நன்றாக யோசித்து, நியாயம் பிரித்து, மறித்துக் கதைத்தவர்களை எல்லாம் வாதத்தில் வென்ற பிறகுதான் செய்தேன்.

எனக்கு வந்திருந்தது மூலம். தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு, வடக்குக்குச் சாமான்கள் வராமல் அரசாங்கம் மறித்திருந்த தடைக்காலம் அது. காலையில் கோதம்ப மா ரொட்டி, இரவில் கோதம்ப மாப் பிட்டு, நடுவில் எத்தனை பிளேன்ரீ என்று கணக்கில்லை. கீரை என்றால் எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. மாட்டுக்குப் போட வைத்திருந்ததை மாறி என் கோப்பையில் போட்டுவிட்டார்கள் என்றே தோன்றும். இந்தச் சாப்பாட்டோடு உடுப்பிட்டியிலிருந்து நெல்லியடிக் கந்தோருக்குத் தினமும் சைக்கிள் ஓட்டினேன். றோட்டில் பள்ளங்களுக்கு நடுவே ஆங்காங்கே கொஞ்சம் தார் இருந்தது. கந்தோரிலோ பலகைக் கதிரை. கடைசியில் இருக்கவே முடியாமல் நின்றபடி கோவை எழுதத் தொடங்கினேன். தான் உள்ளே வரும்போதெல்லாம் நான் எழும்பி நிற்பதாக நினைத்துப் பெரிய கிளாக்கர் மனம் குளிர்ந்துபோனார். அந்த வருசம் எனக்கு நல்ல பிள்ளை என்று பெயர் வந்தது அப்படித்தான்.

இரத்தம் கண்ட பிறகு மனைவி ஆசுப்பத்திரிக்குக் கலைத்துவிட்டாள். அங்கே இருந்த டொக்டர் சொற்களை அளந்து செலவழிப்பவர்.

"ஆறு கிழமை தாறன். நார்ச்சத்துச் சாப்பிடும். தண்ணி குடியும். சரிவராட்டி வெட்டுறது."

"மயக்கிப்போட்டுத்தானே டொக்டர் வெட்டுவியள்?"

"மருந்து வந்தால் மயக்குவம்."

"வராட்டி?"

"நாலுபேர் பிடிப்பினம்."

பகிடிக்குச் சொன்னாரோ உண்மையாகச் சொன்னாரோ எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருடைய முகத்தில் பகிடிக்கென்று தனியாக ஓர் இடம் இருக்கவில்லை. ஆனால் மருந்துகள் வராமல் மறிபட்டுக் கிடந்தது உண்மை. சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த நாலுபேரும் ஆர் ஆராக இருப்பார்கள் என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். வழியில் முருகன் கோயிலடியில் இறங்கி, வேட்டி கட்டாமல், களிசானோடு வெளி வீதியில் நின்றபடி ஒரு வாக்கும் கொடுத்தேன். கத்தி படாமல் என்னைக் காப்பாற்று, வாற சஷ்டிக்கு ஆறு நாளும் கடும் விரதம் பிடிக்கிறேன். விடிய மூன்று மிளகு, மூன்று உள்ளங்கைத் தண்ணீர். வேறொன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்: "என்னை வெட்ட ஆராலும் ஏலாது."

"ஆர் இப்ப உங்களை வெட்ட வந்தது? சேட்டைக் கழட்டிப்போட்டு வந்து சாப்பிடுங்கோ."

நார்ச்சத்துக்கு முருங்கையிலை போதும் என்றாள். கீரைக்கு முன்னால் தலை குனிய நான் தயாராக இல்லை. அவளுடைய தமையன், என் மச்சான், அப்போது கொழும்புக்குப் போயிருந்தான். அங்கே மருந்துக்கடைகளில் இசப்புக்கோல் உமி விற்கிறது, அது இயற்கையான சாமான், வயிற்றுக்கு ஒரு கெடுதலும் செய்யாது என்று கந்தோரில் ஆரோ சொல்ல, ஆள் மூலம் கடிதம் அனுப்பினேன். ஒரு கிழமையில் மச்சான் ஒரு பெரிய பக்கற்றோடு வந்து இறங்கினான். அதை என் கையில் தர முன்னமே கதை சொல்லத் தொடங்கினான்.

"வவுனியாவிலை மறிச்சுச் சோதிக்கிற ஆமிக்காரன் பையைக் கொட்டி இதென்னெண்டு கேட்டான். மருந்தெண்டால் பறிச்சுப்போடுவான். மாட்டுத் தவிடெண்டு சொன்னன்."

"நம்பினவனோ?"

"மாட்டுக்குத் தவிடு கொழும்பிலை இருந்தோ கொண்டுபோறாய் எண்டு அரைகுறைத் தமிழிலை கேட்டான். இது வேறை மாடு ஐயா, கந்தோரிலை வேலை செய்யிற மாடெண்டு சொன்னன். சிரிச்சுப்போட்டு விட்டிட்டான்."

அந்த உமியை முதல் இரண்டு கிழமையும் ஒழுங்காகத்தான் குடித்தேன். கிளாசில் போட்டுக் கலக்கிய கையோடு குடித்துவிட வேண்டும். ஒருநாள் படலையில் ஆரோ கூப்பிட்டார்கள் என்று போய்க் கதைத்துவிட்டு வந்தால் கிளாசில் தண்ணீரைக் காணவில்லை, நுங்கு மாதிரி ஒன்று இருந்தது. கவிழ்த்தும் விழவில்லை. கரண்டியால் தோண்டிச் சாப்பிட்டேன். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. இரத்தம் நின்றது. கந்தோரில் பத்து நிமிடம் கதிரையில் இருக்க முடிந்தது. பெரிய கிளாக்கருக்கு மட்டும் கொஞ்சம் மனவருத்தம்.

அதற்குள் சஷ்டி வந்துவிட்டது.

"இந்த முறை பால் பழத்தோடை பிடியுங்கோ," என்றாள் மனைவி. "வருத்தக்காரன் எண்டு முருகனுக்குத் தெரியாதோ?"

"வாக்கு வாக்குத்தான்."

"அப்ப அந்த உமியை ஆறு நாளைக்கு விடுங்கோ."

அதையும் விடமாட்டேன் என்றேன். டொக்டர் தந்த ஆறு கிழமையில் ஒரு கிழமையை விட்டுக்கொடுத்தால் கத்திக்கு வழிவிட்ட மாதிரி. முருகனையும் விடுவதில்லை, உமியையும் விடுவதில்லை. அன்று பின்னேரம் மச்சான் வந்திருந்தான். இரண்டு பேரையும் எதிரே இருத்தி வைத்துக்கொண்டு என் வழக்கை எடுத்துச் சொன்னேன்.

"உமி சாப்பாடோ? இல்லை. சாப்பாடெண்டால் உடம்பிலை சேரவேணும். இது ஒண்டும் சேராது. ஒரு பக்கத்தாலை வந்து மற்றப் பக்கத்தாலை போறது. வீட்டுக்கு வந்திட்டுப் போற விருந்தாளி மாதிரி. அதாலை விரதம் முறியாது."

"விருந்தாளிக்குத் தண்ணி குடுக்கிறேல்லையோ?" என்று கேட்டான் மச்சான்.

நான் குரலை உயர்த்தினேன். "மூண்டு உள்ளங்கை இருக்கெல்லோ? அது காணும்."

முதல் நாள் விடிய, கிணற்றடியில் முழுகி, மிளகு மூன்றையும் கடித்து, உமி இரண்டு கரண்டியை வாயில் போட்டு, உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தினேன். முதல் உள்ளங்கைக்கு உமி அண்ணத்தில் ஒட்டியது. இரண்டாவதற்கு நாக்கில் ஒட்டியது. மூன்றாவதற்கு இரண்டும் சேர்ந்து ஒட்டிக்கொண்டன. விரலால் தள்ளித்தான் விழுங்கினேன். மந்திரம் சொல்ல வாய் திறபடவில்லை. மனசுக்குள் சொன்னேன்.

இரண்டாம் நாள் பசி இருக்கவில்லை. இதுவல்லவோ விரதம் என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. மூன்றாம் நாள்தான் விளங்கியது, அது பக்தியால் வந்த நிறைவு இல்லை. ஊருக்குள் சீமெந்து வரக்கூடாது என்று தடை போட்டிருந்த காலம். என் வயிற்றுக்குள் மட்டும் ஒரு மூடை எப்படியோ வந்து சேர்ந்து இறுகிக் கிடந்தது. விடிய வாளியோடு பின்வளவுக் கக்கூசுக்குப் போவேன், நிரம்பிய வாளியோடு திரும்பி வருவேன். மனைவி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

"போன கையோடை வாறியள்."

"விரத உடம்பு. உள்ளுக்கு ஒண்டும் இல்லை."

"விழுங்கின உமி எங்கை போட்டுது?"

ஐந்தாம் நாள், நான் உமிப் பக்கற்றைக் கையில் எடுக்க, அவள் ஒரு செம்பு தண்ணீரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, இப்பிடியே போனால் அந்த டொக்டரின்ரை மேசையிலைதான் போய்ப் படுப்பியள். மயக்க மருந்தும் இல்லையாம். எனக்குப் பயமாக்கிடக்கு."

எனக்கும் பயம்தான். ஆனால் ஐந்து நாள் வாதாடி வென்றவன் ஒரு செம்பிடம் எப்படித் தோற்பது? செம்பை நகர்த்தி வைத்துவிட்டு உமியை விழுங்கினேன்.

ஆறாம் நாள் பின்னேரம் சூரன் போர். எங்கள் கோயிலில் சூரனைத் தடியில் ஏற்றி, இளந்தாரிகள் தோள் கொடுத்து, வீதி நெடுக ஆட்டிக்கொண்டு ஓடுவார்கள். பத்து வருசமாக முன் தடியில் இடப்பக்கம் என்னுடைய இடம். நான் இளந்தாரி என்ற கணக்கிலிருந்து கழிந்து கன காலம், ஆனாலும் இடத்தை விடவில்லை. அன்றைக்கும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்த் தோளைக் கொடுத்தேன். மச்சான் பின் தடியில் நின்றான்.

"டேய், வேண்டாம். விடு," என்றான்.

"உன்ரை வேலையைப் பார்."

தூக்கினார்கள். சூரன் எழும்பினான். என் வயிற்றில் இருந்த மூடை கீழே இறங்கி, எந்த இடத்தைக் காப்பாற்றத்தான் நான் இத்தனையும் செய்தேனோ, அந்த இடத்தில் வந்து நின்றது. கண் இருட்டியது. சூரனுக்கு இன்னும் யானைத் தலைகூட விழவில்லை. நான் தடியை விட்டுவிட்டுக் கோயில் வீதி மணலில் குந்திவிட்டேன். ஒரு பக்கம் சரிந்த சூரனை மற்றவர்கள் பிடித்து நிமிர்த்தினார்கள்.

பெண்கள் பக்கமிருந்து மனைவி வந்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கோயில் கிணற்றில் அள்ளிய வாளியை என் முன்னால் வைத்தாள். செம்பில் மொண்டு மொண்டு தந்தாள். நான் குடித்தேன். எத்தனை செம்பு என்று எனக்குத் தெரியாது. ஆறு நாள் விரதம் சூரன் சாக முன்னமே முறிந்தது.

மச்சான் தோளைத் துடைத்துக்கொண்டு வந்தான். "சூரன் சாக முந்தி நீ செத்துப்போவாய் எண்டு நினைச்சன்."

"நான் முருகன்ரை பக்கம்," என்றேன்.

"முன் தடியை விட்டிட்டு ஓடினவன் எந்தப் பக்கமும் இல்லை."

அடுத்த நாள் விடிய நடந்ததை நான் எழுதப்போவதில்லை. பின்வளவிலிருந்து ஒரு மனிதன் தன் பெற்றோரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். திரும்பவும் இரத்தம். கத்தி நிச்சயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மிச்சம் இருந்தது இரண்டு கிழமை. அந்த இரண்டு கிழமையும் சொன்னபடி கேட்டேன். விடிய இரண்டு கிளாஸ், மத்தியானம் இரண்டு, பின்னேரம் இரண்டு. மனைவி போட்ட முருங்கையிலையைக்கூட வாய் திறந்து சாப்பிட்டேன், கண்ணை மட்டும் மூடிக்கொண்டு. இரத்தம் நின்றதுபோல இருந்தது. உள்ளே என்ன நிலைமை என்று ஆருக்குத் தெரியும்?

குறித்த நாளில் ஆசுப்பத்திரிக்குப் போனேன். மனைவி வெளியே வாங்குப் பலகையில் இருந்து, தேவாரமோ திருப்புகழோ, உதடு அசையச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய்க் களிசானைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, மேசையில் சுவர்ப்பக்கம் பார்த்துச் சரிந்து படுத்தேன். டொக்டர் கையுறை மாட்டும் சத்தம் கேட்டது. நாலுபேரும் கதவுக்கு வெளியே நிற்பதுபோல இருந்தது. ஓர் ஆண்பிள்ளை தன் நியாயத்தைச் சொல்லுவதென்றால் இதுதான் நேரம் என்று எனக்குப் பட்டது. சுவரைப் பார்த்தபடியே தொடங்கினேன்.

"டொக்டர், நான் இப்பவே சொல்லிப்போட்டன். வெட்டுறதுக்கு நான் சம்மதிக்கமாட்டன். மருந்தை மறிக்கிறவை மறிக்கட்டும், மாவை மறிக்கிறவை மறிக்கட்டும். இந்த உடம்பு ஒண்டுதான் ஆற்றையும் அனுமதிப் பாஸ் இல்லாமல் என்னோடை கிடக்கு. இதிலை கத்தி வைக்கிறதெண்டால் என்னைக் கேட்டுத்தான் வைக்கவேணும். நான் ஓம் எண்டு சொல்லன். நாலுபேர் இல்லை, நாப்பது பேர் வந்து பிடிச்சாலும் சொல்லன். விரதத்திலை கொஞ்சம் பிழை விட்டனான்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் பிழை விட்டவனெல்லாம் வெட்டுப்படவேணுமெண்டால் ஊரிலை ஆர் மிஞ்சுவினம், சொல்லுங்கோ பாப்பம்?"

நான் கதைத்து முடிக்க முன்னமே பார்த்து முடித்திருந்த டொக்டர் கையுறையைக் கழற்றி வாளிக்குள் போட்டார்.

"வெட்டத் தேவையில்லை, களிசானைப் போடும்."