நகர்த்த முடிகிற பீம்

பீம் கிடைத்த அன்று நான் செய்த முதல் தப்பு, அதைச் சத்தமாகச் சொன்னது.

"பீம் கெடைச்சிருச்சு! நாலு மணி நேரம்!" என்று மாடிப்படியில் நின்று மனைவியிடம் கத்தினேன். அப்போது அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. மேலே கான்கிரீட் பீமுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியின் காதிலும் அது விழுந்துவிட்டது. இரண்டு நாள் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மனைவியிடம் கேட்டே விட்டார்.

"சாரு பீமுக்கு வெளியாளுகிட்ட சொல்லிட்டாருங்களா? நம்ம வேல புடிக்கலைன்னா நேராவே சொல்லிரலாமுங்க. அதுவும் நாலு மணி நேரத்துல போட்டுத் தர்றானாமா? எந்த ஊரு ஆளுங்க அவன்?"

மனைவி சிரித்து ஓய்ந்தபிறகு என்னை மேலே அனுப்பினாள். "போயி வெளக்கமாச் சொல்லுங்க. பத்து வருசமாக் கேக்கற எனக்கே புரியலை. அவருக்காவது புரியுதான்னு பாப்போம்."

பத்து வருடம் என்றது என் பிஎச்டியை. கல்லூரியில் வேதியியல் வாத்தியாராக இருந்துகொண்டே பகுதிநேரமாகச் சேர்ந்தேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் டாக்டராகி, அதில் ஒருவர் என் விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் இடத்துக்கே வந்துவிட்டார். நான் செம்பை நடுவில் வைத்து ஒரு சேர்மம் செய்திருந்தேன். அதில் அணுக்கள் இப்படித்தான் உட்கார்ந்திருக்கும் என்று நானே ஒரு படம் வரைந்து, அந்தப் படத்தை நம்பி மூன்று அத்தியாயமும் எழுதிவிட்டேன். படம் சரிதானா என்று படிகத்தை வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி. பல்கலைக்கழகமும் கடைசி முறை என்று சொல்லிக் கெடுவை நீட்டியிருந்தது.

பல வருட முயற்சியில் உருப்படியாக விளைந்தது ஊசி மாதிரி ஒரே ஒரு நீலப் படிகம். ரவையில் ஒன்றை எடுத்து எட்டாக வெட்டினால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு. சாதாரண எக்ஸ்ரே கருவி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதற்குத்தான் சின்க்ரோட்ரான். ஒரு பெரிய வளையத்துக்குள் எலக்ட்ரான்களை ஓடவிடுவார்கள். அவை வளைந்து ஓடும்போது வெளிவரும் கடுமையான எக்ஸ்ரேயை மயிரிழையாக்கிப் படிகத்தின் மேல் பாய்ச்சினால், அது சிதறிப் புள்ளி புள்ளியாக விழும். புள்ளிகளின் இடத்தையும் பளிச்சென்ற அளவையும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு அணுவும் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த ஒளிக்கற்றைக்குப் பெயர்தான் பீம்; அதில்தான் எனக்கு நாலு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். வளையம் இருந்தது கடல் தாண்டி. என் ஊசி கூரியரில் போய்ச் சேர்ந்தது. நான் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் இயக்கலாம்.

மேஸ்திரியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "இடிக்காம, செவுத்துக்குள்ள கம்பி எங்கெங்க போகுதுன்னு பாக்கற மாதிரிங்க மேஸ்திரி," என்றேன்.

"அப்ப நம்ம பீமு?"

"அது நீங்கதான்."

"அத மொதல்ல சொல்றதில்லீங்களா சார்!" என்று அன்றைக்கே பழையபடி ஆகிவிட்டார்.

என் ராசி, அவருடைய கான்கிரீட்டும் என்னுடைய பீமும் ஒரே நாளில் வந்தன. மேலே கலவை மிஷின் கடகடத்தது. கீழே ஹாலில் நான் இஸ்திரி போட்ட சட்டையோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று மனைவி கேட்டாள். நான் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன். திரையில் புள்ளிகள் விழ ஆரம்பித்ததும் "விழுது, விழுது!" என்று நான் கத்த, மேலே சாரம்தான் விழுகிறது என்று இரண்டு பேர் இறங்கி ஓடிவந்தார்கள்.

புள்ளிகள் அழகாகத்தான் விழுந்தன. ஆனால் கணக்குப் போடும் புரோகிராம் மட்டும் முரண்டு பிடித்தது. நான் நெட் சரியில்லை என்றேன். பிறகு புரோகிராம் சரியில்லை என்றேன். இரண்டு மணி நேரம் போய்விட்டது. கடைசியாக வயிறு சரியில்லை என்று சொல்லும் நிலையில் இருந்தபோது, மேஸ்திரி மோர் குடிக்க இறங்கி வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இதானுங்களா உங்க கம்பி? வரிச சுத்தமா இருக்குதுங்க சார்." டம்ளரைக் கீழே வைத்தார். "நடுவுல எல்லாம் ஒத்தையா இருக்குது. ஓரத்துல பாருங்க, ஏன் ரெட்டை ரெட்டையா இருக்குது? ஒரு வரிச மேல இன்னொரு வரிச வெலகி உக்காந்த மாதிரி?"

பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி. என் ஒற்றை ஊசியின் முனையில் இன்னொரு ஊசி ஒட்டிக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று வகுப்பில் வருடாவருடம் பாடம் நடத்துகிறவன் நான்.

"பீமை இந்தப் பக்க முனைக்கு நகத்திப் பாக்கறேன்," என்றேன்.

மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பீமை நகத்தறீங்களா? எங்க வேலைல அப்படி ஒரு வசதி இருந்தா எத்தன பேரு பொழச்சிருப்போம்!"

உண்மையில் நகர்வது படிகம்தான், பீம் அல்ல. ஆனால் ஒருவர் நம்மை வியந்து பார்ப்பது வாழ்க்கையில் எப்போதாவது நடப்பது. நான் திருத்தவில்லை.

மறுமுனையில் எல்லாம் ஒற்றைப் புள்ளி. புரோகிராம் வாலைச் சுருட்டிக்கொண்டு வேலை செய்தது. நேரம் முடிய இன்னும் அரைமணி இருந்தபோது அணுக்கள் ஒவ்வொன்றாகத் திரையில் எழும்பின. நடுவில் செம்பு, சுற்றிலும் நான் வரைந்த வளையங்கள் அப்படியே. ஆனால் செம்பின் தலைமேல், என் படத்தில் இல்லாத ஒன்று உட்கார்ந்திருந்தது.

"என்னங்க மூஞ்சி இப்படிப் போகுது?" மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "முடிஞ்சுதா, முடியலையா?"

"முடிஞ்சுது. தண்ணி ஒண்ணு உள்ள வந்து ஒட்டியிருக்குது. நான் அத வரையவே இல்ல. மூணு சாப்டரும் திருப்பி எழுதணும்."

"பிளான்ல இல்லாத ரூமு மாதிரிங்களா?" என்றார் வாசலில் நின்ற மேஸ்திரி. ஆமாம் என்றேன். "அப்ப பிளானைத்தாங்க மாத்தணும். கட்டடம் நிக்குதில்ல?" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

"கெடுவுக்குள்ள எழுதிருவீங்களா?"

"ராப்பகலா எழுதுனா."

"எழுதுங்க. நான் டைப் பண்ணித் தர்றேன்." அவள் திரைக்கு அருகில் குனிந்தாள். "இதுல அந்தத் தண்ணி எது? இந்த ரெண்டு கொம்பு வெச்ச செவப்பா?"

"அதான்."

அவள் விரலால் மவுஸைப் பிடித்துச் செம்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினாள். பத்து வருடத்தில் என் ஆராய்ச்சியை அவள் கையில் எடுத்தது அன்றைக்குத்தான்.

"பரவால்ல," என்றாள். "நீங்க வரைஞ்சதுக்கு இது லட்சணமா இருக்குது."