நெய்த்தாரையில் ஏறாத விசை

அண்ணா படைத்த முதல் உலகத்தில் புவியீர்ப்பு பாதிதான். அதன் விளைவாக வீரர்கள் இரண்டு மடங்கு உயரம் குதித்தார்கள். வேறு எதுவும் நடக்கவில்லை. ஆறு வழக்கம்போல ஓடியது, மழை வழக்கம்போலப் பெய்தது, குதிரைகள் மெரினா குதிரைகளைப் போலவே அலுப்பாக நடந்தன. ஒரு மெக்கானிக்கல் இஞ்சினியரின் கற்பனை அவ்வளவு தூரம்தான் குதித்தது.

அவனுடைய நண்பர் ஒருவர் அமெரிக்காவில் இஞ்சினியரிங் படித்துவிட்டு வந்திருந்தார். அவர் உலகத்தில் சூரியன்கள் இரண்டு. ஒன்று மறையும்போது இன்னொன்று உதிக்கும். ஆனாலும் தினமும் ஆறரை மணிக்கு இருட்டியது. எப்படி என்று கேட்டேன். "இருட்டினாத்தானே பேய் வரும்?" என்றார். அதற்குமேல் விஞ்ஞானத்தில் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

இந்த விளையாட்டைக் கொண்டுவந்தவரும் அவர்தான். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் ஓர் உலகத்தைப் படைத்து அதன் விதிகளை மனதில் வைத்துக்கொள்வார். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ அதற்குள் புகுந்து, நான் இதைச் செய்கிறேன், அதைத் திறக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அதனால் என்ன ஆகிறது என்று உலகத்துக்காரர் தீர்ப்புச் சொல்வார். சந்தேகம் வந்தால் தாயக்கட்டையை உருட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் மயிலாப்பூர் வீட்டு ஹாலில் ஆரம்பித்து, அடுத்த வீட்டு டி.வி.யில் படம் போடும்வரை நடக்கும். மூன்றாவது ஆட்டக்காரர் அண்ணாவின் ஆபீஸ் நண்பர், சிந்தாதிரிப்பேட்டைக்காரர். ஆபீசில் நல்ல இங்கிலீஷ் பேசுவார். ஆட்டத்தில் திருடனாக வருவதால், அதற்குத் தன் பேட்டைத் தமிழே பொருத்தம் என்று வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் பதவிகள் இருந்தன. ஒன்று, யாரிடம் என்ன இருக்கிறது, யார் எதைச் செய்தார்கள் என்று நோட்டில் எழுதுவது. இரண்டு, காபி கொண்டுவருவது. மூன்று, சண்டையில் பறந்த தாயக்கட்டையை பீரோவுக்கு அடியிலிருந்து எடுப்பது. நான் மின்பொறியியல் படித்து அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பயிற்சியில் இருந்தேன் என்பது நான்காவதாகக்கூட வரவில்லை.

அமெரிக்காக்காரருக்கு மெட்ராஸ் ஐ வந்ததால் எனக்கு வழி பிறந்தது. கண் சரியாகும்வரை அவரால் உலகம் படைக்க முடியாது. நான் படைக்கிறேன் என்றேன்.

"உலகம் பண்றது காபி போடற மாதிரி இல்லைடி" என்றான் அண்ணா. "ஒரு விதிக்கும் இன்னொரு விதிக்கும் இடிக்கக் கூடாது."

"இடிச்சா சொல்லு."

"ஒரே ஒரு ஓட்டை கண்டுபிடிச்சோம்னாலும் நீ பழையபடி நோட்டுக்குப் போயிடணும். அப்பறம் நானும் உலகம் பண்றேன்னு வரப்டாது."

ஒப்புக்கொண்டேன். காபி எப்படிப் போடுவது என்றும் அவனுக்குத் தெரியாது என்பதை அப்போது நான் குறிப்பிடவில்லை.

என் உலகத்தில் ஒரு மலைக்கோட்டை. கோட்டைக்குள் ஒரு கல். அந்தக் கல்லில் ஒரு விசை. அதற்குப் 'படிவு' என்று பெயர் வைத்தேன். கல்லைத் தொட்டவன்மேல் படிவு ஏறும். அவனைத் தொட்டால் உங்கள்மேல் ஏறும். தண்ணீரில் வெந்த பொருள் அதைப் பிடித்துக்கொள்ளும், எண்ணெயில் வறுத்தது பிடிக்காது. பருத்தித் துணி கடத்தும், பட்டு கடத்தாது. கையை நனைத்தால் போய்விடும். கோட்டையில் எண்ணெய் நிறைந்த பொற்குடம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து கல்லின் மேல் எண்ணெய் வார்த்து விளக்கேற்றிவிட்டு, குடத்தை வெளியே கொண்டுவர வேண்டும். குடத்தில் படிவு ஏறினால் குடம் மண்ணாகிவிடும்.

அண்ணா மயங்கிப் போனான். "வறுத்தா பிடிக்காது, வெந்தா பிடிக்கும்! இது எப்படி உனக்குத் தோணித்து?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அமெரிக்காக்காரர் கறுப்புக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்து, அங்கேகூட இப்படி ஒன்றை யாரும் யோசித்ததில்லை என்றார். ஒரு வாரம் முழுவதும் இரண்டு இஞ்சினியர்கள் படிவுக்குச் சமன்பாடு எழுதிப் பார்த்தார்கள். சிந்தாதிரிப்பேட்டைக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். அவருடைய திருடன் ஒரு தப்பான அடிகூட வைக்கவில்லை. மற்ற இருவரும் கதவுக்குக் கதவு படிவு ஏறி மாட்டிக்கொள்ள, அவன் பட்டுத்துணி சுற்றிய கையோடு வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

கடைசியில் மூவரும் கல்லருகே வந்து சேர்ந்தார்கள். அண்ணாவின் வீரன் குடத்தை உயரத் தூக்கி, பட்டுத்துணியால் பிடித்துக்கொண்டு, கல்லின் மேல் எண்ணெயை வார்த்தான்.

எனக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. தாரை அறுபடவில்லை என்றால் கல்லுக்கும் குடத்துக்கும் தொடர்பு இருக்கிறது. தொடர்பு இருந்தால் விசை பாயும்; எண்ணெய் கடத்தாதது மின்சாரத்தை மட்டும்தான்.

"எண்ணெய்த் தாரை வழியா படிவு மேலே ஏறிடுத்து. குடம் மண்" என்றேன்.

"அநியாயம்!" என்று அண்ணா கத்தினான்.

"ஏறாதுடி" என்று சமையல் உள்ளிலிருந்து ஒரு குரல் வந்தது. கரண்டியோடு அம்மா வாசற்படியில் நின்றாள். "நானும் மூணு வாரமா கேட்டுண்டுதான் இருக்கேன். எல்லாம் சரியாச் சொல்லிண்டு வந்துட்டு இங்க கோட்டை விட்டுட்டியே. தாரையில பத்து ஏறாது. சாதத்து மேல நெய் விடறேன், நெய்க்கிண்ணத்துல பத்து ஏறிடறதா என்ன? ஏறினா தினம் நெய்யைக் கொட்டிண்டுன்னா இருக்கணும்!"

வெந்த சாதத்தைத் தொட்ட கையால் நெய்யையோ ஊறுகாயையோ தொட்டால் அதற்கும் பத்து என்கிற தீட்டு ஒட்டிக்கொள்ளும், கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும், பருத்தியில் தீட்டு ஒட்டும், மடிக்குப் பட்டுதான் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் பிறந்ததிலிருந்து தினமும் காதில் விழுவது. அண்ணாவின் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

"படிவுன்னா... பத்தா?" என்றார் அமெரிக்காக்காரர்.

"ஏமாத்து!" என்றான் அண்ணா. "இது உலகமே இல்லை. நம்மாத்து சமையல் உள்!"

"போன வாரம் சமன்பாடு எழுதினியே" என்றேன்.

"எனக்கு மொத நாளே தெரியும் நைனா" என்றார் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். "பட்டுத்துணின்னு சொல்லச்சொல்லவே புரிஞ்சிபோச்சு. இந்த வூட்டுக்கு எத்தினி வருசமா வந்துகினு கீறேன்?"

"எதுவானா என்ன? ஓட்டை ஓட்டைதான்" என்றான் அண்ணா. "பந்தயம்னா பந்தயம்."

மறுக்க முடியவில்லை. விதிகள் இடிக்கவில்லை, நான்தான் இடித்திருந்தேன். சமையலறையில் கற்றதை நம்பியிருந்தால் பிழைத்திருப்பேன், பட்டம் வாங்கிய புத்தி கெடுத்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்தேன். அண்ணா அதில் உட்காரப் போனான்.

"நீ எங்க போறே? உனக்கு இன்னா தெரியும்?" என்று சிந்தாதிரிப்பேட்டைக்காரர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மாமி உக்காரட்டும்."

"நன்னாருக்கு! எனக்கு ரசம் கொதிக்கறது" என்றாள் அம்மா. பிறகு கரண்டியை என் கையில் கொடுத்தாள்.

நான் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவள் என் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இந்த வீட்டில் ஆண்கள் அவளிடம் எதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வரிசையில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. நான் நோட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

"சரி, குடம் மண்ணாகலை. யார் வெளியில எடுத்துண்டு வரப்போறா? எதெதைத் தொட்டேள், வரிசையாச் சொல்லுங்கோ."

அண்ணா பருத்திக் கயிற்றில் ஏறியிருந்தான். தள்ளினாள். அமெரிக்காக்காரர் வேகவைத்த சோளம் தின்றுவிட்டுக் கை நனைக்கவில்லை என்று நோட்டைப் பார்த்துச் சொன்னேன். தள்ளினாள்.

"நீ எதைத் தொட்டே?" என்று சிந்தாதிரிப்பேட்டைக்காரரைக் கேட்டாள்.

"நான் ஒண்ணத்தையும் தொடலை மாமி. இந்த வூட்ல நான் எப்ப தொட்டுக்கீறேன்? ஹாலைத் தாண்டினதே இல்லியே."

அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். "விளையாட்டுல கேக்கறேன்டா."

"நானும் விளையாட்டுலதான் மாமி சொல்றேன்."

வெகு நேரம் யோசித்தாள். உலகத்துக்காரர்கள் யோசிக்கலாம், விதியில் இடம் உண்டு.

"அப்போ நீதான் எடுத்துண்டு வரணும். நேரா உள்ளே போ. எடு" என்றாள்.

எழுதிக்கொண்டேன். உள்ளே போகலாம் என்பது விளையாட்டில் மட்டும்தானா, இல்லை பொதுவாகவா, எப்படி எழுதட்டும் என்று கேட்டேன்.

"சொன்னதை மட்டும் எழுதுடி" என்றாள் அம்மா.