ஈரத்துக்குக் கழிவு

நமுனுகுலப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் படிப்பித்த காலத்தில், அங்கே தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கூலிக்கணக்கு எழுதிய கணக்கப்பிள்ளை மிகவும் பருத்தவர். நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கும். காலில் இருந்த புண் ஆறவே இல்லை. எனக்கு அவரைப் பிடிக்காது. வெயில் நாளிலும் "ஈரம்" என்று முனகி, ஒவ்வொரு பெண்ணும் பறித்து வந்த கொழுந்திலும் இரண்டு றாத்தல் எடையைக் கழிப்பார்.

எடை குறையக் குடலில் ஒப்பரேஷன் செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று பதுளை டாக்டர் சொல்லிவிட்டார். குறித்த எடைக்கு மேல் இருந்தால்தான் செலவைத் தருவோம் என்றது இன்சூரன்ஸ் கம்பெனி. கொழும்புக்குப் போய்த் தராசில் ஏறிவிட்டு வந்தவர், என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார்.

"எடை சரியாத்தான் இருந்துச்சு மாஸ்டர். உடுப்புக்குன்னு ரெண்டு றாத்தல் கழிச்சாங்க. அதுல குறைஞ்சு போச்சு, தரமாட்டோம்னுட்டாங்க."

"உடுப்பைக் கழட்டிட்டு நிறுக்கச் சொல்லலையா?"

"கெஞ்சிப் பார்த்தேன். கழிக்கிறதுதான் வழக்கமாம்."

மறுநாள் நல்ல வெயில். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் போய் நின்றேன். முதல் பெண்ணின் கொழுந்தைத் தராசில் மாட்டினார்கள். அவர் முள்ளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, "ஈரம்" என்றார்.